கட்டிலில் விட்டுப்போன படக்கதைகள்

பழைய படக்கதைப் புத்தகம் சேர்க்கிற என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேருக்கு முத்திரை பிடிக்காது என்று கேள்விப்பட்டேன். அட்டையில் கடைக்காரன் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தால் முகத்தைச் சுளிக்கிறீர்களாம். மீதிப் பேர் அந்த ஸ்டாம்புக்காகவே வாங்குகிறீர்களாம். எந்தத் தேதியில் எந்த ஏஜெண்ட் கையை விட்டு எந்த ஊர்க் கடைக்கு வந்தது என்று அது சொல்லுமாம். நான் இந்த இரண்டாவது கட்சி. சொல்லப்போனால் கட்சியை ஆரம்பித்தவளே நான்தான். நீங்களெல்லாம் கதையைப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் லைன் வீட்டில் உட்கார்ந்து, முத்திரைக்காக மட்டுமே புத்தகம் சேர்த்தவள் நான்.

கதை எனக்குத் தெரியாது. நாலாம் வகுப்பின் நடுவிலேயே படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பேரன் பேத்தி யாரும் எழுதித் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. நான் மெதுவாக எழுதினேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வீட்டுக்குப் பின்பக்கச் சுவரே டேனரியின் மதில்தான். சுண்ணாம்பு நாற்றமும் பச்சைத்தோல் நாற்றமும் ஆவாரம்பட்டை ஊறுகிற வாசனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் மூக்கு இருப்பது தெரியும். அன்றைக்கு டேனரி லீவு. மதில் அந்தப்பக்கம் சத்தமே இருக்காது. ஏதோ காணாமல் போனதுபோல இருக்கும்.

என் நைனாவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். பச்சைத்தோல் லாரியிலிருந்து இறங்கியதும், ஒவ்வொரு தோலிலும் வால் பக்கமாக எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவார். மார்க்கா அடிப்பது என்று பெயர். ஒரே டேனரியில் பல வியாபாரிகளின் தோல் ஊறும். யாருடையது எது என்று மார்க்காதான் சொல்லும். தோல் சுண்ணாம்பில் கிடந்து முடி போய், பட்டைத் தண்ணீரில் கிடந்து நிறம் மாறி, காய்ந்து வெளியே வரும்போது ஆட்டுக்கே அது தன் தோல் என்று தெரியாது. மார்க்கா மட்டும் அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில், அடித்த ஆளின் அடையாளமும் சின்னதாக இருக்கும். என் நைனாவின் அடையாளம் மூன்று புள்ளி.

மார்க்கா உள்ள சரக்கு மார்க்காக்காரனுக்கே போக வேண்டும். ஒருத்தர் மார்க்காவை மழுக்கி அதன்மேல் வேறொருத்தர் மார்க்காவை ஏற்றுவதைவிடப் பெரிய திருட்டு அங்கே கிடையாது. அந்தக் கோடைக்கு இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு தோல்கட்டு அகப்பட்டது. பழைய மார்க்காவின்மேல் புதியது ஏறியிருந்தது. பக்கத்தில் மூன்று புள்ளி.

"நான் அடிக்கல சாயபு" என்று நைனா முதலாளியிடம் சொன்னார். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. முதலாளி போலீசுக்குப் போகவில்லை, வேலையை விட்டும் நீக்கவில்லை. அச்சையும் சுத்தியலையும் வாங்கி வைத்துக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார். அதைப் பெரிய மனசு என்று ஊரே பேசியது. இடுப்பளவு சுண்ணாம்பில் நின்று தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. கூலி கம்மி. கை கால் வெடித்து ரத்தம் கசியும். யார் அடித்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

கூலி குறைந்ததால் அம்மா வேலைக்குப் போனாள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைத்துப் படுக்கை மாற்றுகிற வேலை. அங்கேயே வேலைக்காரப் பெண்களோடு தங்கிக்கொண்டாள். மாதத்தில் முதல் ஞாயிறுதான் ஊருக்கு வர லீவு. நைனாவுக்கு வெள்ளி லீவு, அம்மாவுக்கு ஞாயிறு. இரண்டும் ஒருநாளும் சேராது. அவர் தொட்டியிலிருந்து ஏறி வருகிற நேரமும் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரமும் ஒன்று. வாசல்படியில் நின்று, "சாப்டியா?", "அரிசி இருக்குதா?" என்று இரண்டு பேச்சு பேசிக்கொள்வார்கள். பிறகு ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே.

என்னைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டில் அத்தை இருந்தாள், நைனாவின் அக்கா. சோறு போடுவதில் குறை வைக்கமாட்டாள். ஆனால் ஒவ்வொரு கவளத்தோடும் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்த்துப் போடுவாள். "உங்கம்மாளுக்கு பட்டணத்து காத்து புடிச்சிப் போச்சிடி. இனிமே இந்த நாத்தம் தாங்குமா அவளுக்கு?" எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

மாதம் முழுக்க அந்த ஒரு ஞாயிறுதான். முதல் பஸ் வருகிற நேரத்துக்கு முன்பே ரோட்டில் போய் நிற்பேன். அம்மா இறங்குவாள். டேனரி நாற்றத்துக்கு நடுவில் அவள்மேல் மட்டும் பினாயில் வாசனை தனியாக வரும். வீட்டுக்குள் வந்ததும் வயர்கூடையிலிருந்து துணியை எடுத்து வைப்பாள். அடியில் ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கும். சில மாதம் இரண்டு.

"இந்தாடி. வார்டுல கெடந்துது."

அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். அந்தப் புத்தகங்களும் அப்படித்தான். தமிழ் ஒன்றிரண்டு இருக்கும். மீதி தெலுங்கு, மலையாளம், இந்தி, இங்கிலீஷ், எனக்குப் பெயரே தெரியாத எழுத்து. எனக்கென்ன, எல்லா எழுத்தும் ஒன்றுதான். படத்தை ஒருமுறை பார்ப்பேன். குதிரைமேல் ஒருவன் போவான், முகமூடி போட்ட ஒருவன் குத்துவான். பிறகு அட்டையைப் பார்ப்பேன். அங்கேதான் விஷயம் இருந்தது.

முதல் முத்திரை ஏஜெண்டுடையது. நீள்சதுரமாக, உள்ளே தேதியோடு இருக்கும். அடுத்தது கடைக்காரனுடையது. வட்டமாகவோ முட்டை வடிவிலோ, கொஞ்சம் கோணலாகக் குத்தியிருப்பான். ஊதா மை, நீல மை, அபூர்வமாகப் பச்சை. சிலது அழுத்திக் குத்தியதில் அடுத்த பக்கம் வரை ஊறியிருக்கும். சிலதில் மை காய்ந்து பாதி ஊர்தான் தெரியும். நான் கதைப்படி அடுக்கமாட்டேன், மைப்படி அடுக்குவேன். ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் அடியில் ஊதா, அதன்மேல் நீலம். பச்சை இரண்டே இரண்டு, அவற்றுக்குத் தனியாகத் துணி சுற்றியிருந்தேன்.

பின்சந்தில் ஒரு பாய் வீட்டு அக்கா இருந்தாள். பெண்கள் ஸ்கூலில் பெரிய வகுப்பு படித்தவள். முத்திரையில் இருக்கிற இங்கிலீஷைப் படித்துச் சொல்ல அவளிடம்தான் எடுத்துப் போவேன்.

"இது இன்னா ஊரு, அக்கா?"

"விஜயவாடா. ஸ்டேஷன் கடை."

"இது?"

"கல்கத்தா. யா அல்லா, எவ்ளோ தூரம் தெரியுமா? ரெண்டு ராத்திரி ரயில்ல உக்காரணும். ஏண்டி, எல்லாரும் கதைய படிப்பாங்க, நீ இன்னாடி தபால்காரன் மாதிரி முத்திரைய படிக்கிற?"

"எனக்கு அதான் புடிக்கிது."

"சரியான பைத்தியம் போ" என்று தலையில் தட்டுவாள். ஆனால் ஒரு ஊரையும் சொல்லாமல் விட்டதில்லை. இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது அவள் வீட்டுப் பின்வாசலில்தான். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, பேங்க் பாஸ்புக் எதற்கும் இன்றுவரை நான் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது.

பிற்பகலில் தனியாக இருக்கும்போது பெட்டியைத் திறந்து புத்தகங்களைத் தரையில் பரப்புவேன். விஜயவாடாவை வாசல் பக்கம், கல்கத்தாவை அடுப்படி ஓரம் என்று வைத்து நடுவில் உட்காருவேன். அவ்வளவு ஊர் என்னைச் சுற்றி இருக்கும். பேசத்தான் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. ஏஜெண்ட் தன்னிடம் வந்ததற்குக் குத்தினான், கடைக்காரன் தன்னிடம் வந்ததற்குக் குத்தினான். என்னிடம் வந்ததற்கு அடையாளம் எங்கே? வீட்டில் மூன்று புள்ளி அச்சு ஒன்று கிடந்தது. முனை தேய்ந்ததால் டேனரியில் வேண்டாம் என்று கழித்த பழைய அச்சு. அம்மா அதை வைத்துப் பாதாங்கொட்டை உடைப்பாள். அதை எடுத்தேன். ஒரு புத்தகத்தை வாசற்கல்மேல் வைத்து, கடைக்காரன் முத்திரை எங்கே இருக்கிறதோ சரியாக அதன்மேல் அச்சை நிறுத்தி, குழவிக்கல்லால் ஒரு போடு. அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று ஓட்டை. தூக்கிப் பிடித்தால் மூன்று புள்ளியாக வெளிச்சம் வந்தது. அழகாக இருந்தது. எல்லாப் புத்தகத்துக்கும் அடித்தேன். கைவலித்தாலும் விடவில்லை. நைனாவின் மகள் இல்லையா!

சத்தம் அத்தைக்குக் கேட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் நைனா கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை இழுத்தாள்.

"பாருடா தம்பி, உம் பொண்டாட்டி இன்னா கொண்டாந்து குடுக்குறான்னு பாரு. நோவுக்காரப் புள்ளைங்க கட்டில்ல கெடந்தது எல்லாம். சீக்கு ஒட்டிகினு வராது? அடுப்புல போடறேன் இரு."

"அத்தை, வேணாம் அத்தை!" என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுடி!"

இழுத்த இழுப்பில் புத்தகங்கள் தரையில் விழுந்தன. நைனா எண்ணெய்க் கையோடு ஒன்றை எடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊதா வட்டத்தைப் பார்த்தார். அதன் நடுவில் இருந்த மூன்று ஓட்டையைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். அடுப்பு வெளிச்சத்தில் அவர் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிட்டது.

"யாரு அடிச்சது?"

"நான்தான் நைனா."

"எதால?"

அச்சைக் காட்டினேன். அவர் அதை மறந்தே போயிருந்தார் போல. சட்டென்று பிடுங்கி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு, எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது இந்த ஊட்ல இருக்குதுன்னு யாருக்காவது தெரியுமா? வெளில எடுத்துகினு போனியா?"

"இல்ல நைனா."

"மார்க்கா மேல மார்க்கா அடிச்சி வெச்சிருக்கியேடி" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஊரான் பொருளு. அதும்மேல என் புள்ளி. பாக்கறவன் இன்னா சொல்லுவான்? அன்னிக்கி சொன்னது நெசந்தான்னு சொல்ல மாட்டான்?"

அத்தைக்கே பயம் வந்துவிட்டது. "கொழந்த தெரியாம பண்ணிச்சிடா. எரிச்சிட்டா தீந்துச்சி."

"எரிச்சா திருட்டு மறைச்ச மாதிரி. மார்க்கா போட்ட சரக்கு மார்க்காக்காரங்களுக்குப் போவணும். வெள்ளிக்கெழம வேலூர் போறேன். அவ கைல குடுத்து, யாருதோ அவங்ககிட்ட சேத்துடுன்னு சொல்லிட்டு வர்றேன்."

கடைக்காரன் குத்துகிற ஸ்டாம்ப் கடைக்கு வந்ததற்குத்தான் அடையாளம், வாங்கினவனுக்கே புத்தகம் சொந்தம் என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் தெரியாது. பாய் வீட்டு அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை.

எனக்குப் புத்தகம் போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. வேறு ஒரு பயம். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அம்மா வந்தாள், ஒவ்வொரு முறையும் புத்தகம் வந்தது. இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. அதைக் கொடுக்கத்தான் அவள் வருகிறாள் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. இனிமேல் புத்தகம் வேண்டாம் என்று நைனா சொல்லிவிட்டால் அவள் எதற்கு வருவாள்? அத்தை சொல்கிற பட்டணத்துக் காற்று அங்கே வீசிக்கொண்டிருக்கும்போது?

"நானும் வர்றேன்" என்று அழுதேன். அழைத்துப் போனார்.

பஸ்ஸில் நைனா துண்டில் கட்டிய மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. நான் ஜன்னலில் பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் கேட்காத பாஷை இல்லை. படிக்கட்டு ஓரமெல்லாம் மூட்டை முடிச்சோடு ஜனம். வார்டுக்காரியின் வீட்டுக்காரர் என்று சொல்லிச் சொல்லி, மாடியில் குழந்தைகள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நீளமான ஹால். இரண்டு பக்கமும் கம்பி வைத்த இரும்புக் கட்டில்கள். அம்மா குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் நான் பார்க்காத ஒரு நீலப் புடவை. எங்களைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாய்யா ஆச்சி? புள்ளைக்கு இன்னா?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. இத்த வாங்கிக்கோ." மூட்டையை ஒரு காலிக் கட்டில் ஓரமாக வைத்து அவிழ்த்தார். "மார்க்கா போட்ட சரக்கு. நம்ம ஊட்ல இருக்கக் கூடாது. யார் யாருதோ அவங்கவங்ககிட்ட குடுத்துடு. பொண்ணு தெரியாம புள்ளி அடிச்சிட்டா. அதுக்கு நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

அம்மா புத்தகத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் நகர்த்திக் குரலைத் தாழ்த்தினாள். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன்.

"யாருகிட்ட குடுக்கச் சொல்ற? பாதிப் புள்ளைங்க நல்லாயி ஊருக்குப் போய்ட்ச்சிங்க. ரயிலுக்குப் போற அவசரத்துல வுட்டுட்டுப் போனது. மீதிப் பாதி..." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுங்க போன எடத்துக்கு புக்கு எடுத்துகினு போவ முடியாதுய்யா. பெத்தவங்க திரும்பி வந்து கட்டிலப் பாக்க மாட்டாங்க. பாக்க முடியாது. நான் போர்வைய ஒதர்றப்ப தலகாணிக்கு அடில இருக்கும். குப்பைல போடச் சொல்லுவாங்க. எனக்கு கை வர்ல. நம்ம புள்ள கைல இருந்தா, ஒரு கொழந்த கைல இருக்கிற மாதிரி இருக்குமேன்னுதான் எடுத்துகினு வந்தேன்."

நைனா திரும்பி, கட்டில்மேல் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக நேராக்கி வைத்தார். 

மதில் அந்தப்பக்கத்துச் சத்தம்போல, சில விஷயம் காதில் விழும், விளங்காது. எனக்கு அன்று உடனே விளங்கிவிட்டது. என்னுடைய ஊதாவும் நீலமும் எத்தனை கட்டில் என்று தெரிந்தது. துணி சுற்றி வைத்திருந்த இரண்டு பச்சை எந்தப் பாதி என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் என் வயதில் ஒரு பெண். தலை மொட்டை, கை குச்சிபோல. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, மூட்டையிலிருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி ஏதோ சொன்னாள். தலைமாட்டில் இருந்த அவள் அம்மாவும் எழுந்து வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். கல்கத்தா புத்தகம். அவர்கள் ஊர் எழுத்து. என் அம்மா எடுத்துக் கொடுத்ததும் அந்தப் பெண் வாங்கி முதல் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். என் பெட்டியில் ஊமையாகக் கிடந்தது பேசியது. குதிரைக்காரன் ஒரு குரலில் பேசினான், கெட்டவன் வேறு குரலில் பேசினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

பிறகு அவள் ஓட்டைகளைப் பார்த்துவிட்டாள். விரலை வைத்துத் தடவினாள். அவள் அம்மா கேள்வியோடு எங்களைப் பார்த்தாள். நைனா பதறிப்போய்க் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார்.

"அம்மா, அது எங்க பொண்ணு வெளையாட்டா அடிச்சது. மார்க்காவ அழிக்கணும்னு அடிக்கல. சத்தியமா அடிக்கல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அச்சா, அச்சா" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று புள்ளிக்கு அவர் சொன்ன பதிலை முதல்முதலாகத் தலையாட்டிக் கேட்டவள் அவள்தான். அவளுக்குத் தமிழ் தெரியாது.

அந்தப் பெண் புத்தகத்தைக் கண்ணருகில் வைத்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் அம்மா குனிந்து அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்தாள். யோசித்துச் செய்ததில்லை. தினம் செய்து பழகிய கை. என் தலையை அப்படித் தடவி எத்தனை காலம் என்று நினைத்தேன். நோய்ப்பட்ட குழந்தைமேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்ல வெட்கமில்லை. பத்து வயதுதானே!

கிளம்பும்போது அம்மா கேட்டாள். "எல்லாத்தையும் இங்கியே வுட்டுட்டுப் போறியா? புள்ளைங்க படிக்கட்டும். உனக்குப் புடிச்சது ஒண்ணு எடுத்துக்கோ."

"ஒண்ணும் வேணாம்" என்றேன். வீம்பு. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

"மொத ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் பள்ளிகொண்டா தாண்டினோம். நைனா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அவ கையும் வெடிச்சிருக்குது, பாத்தியா?" என்றார். அவ்வளவுதான். அந்த அச்சை என்ன செய்தார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அது வீட்டில் இல்லை.

முதல் ஞாயிறு வரும்வரை நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. அவளுக்கு அங்கே ஹால் நிறையக் குழந்தைகள். புத்தகமும் அங்கேயே இருக்கிறது. கொண்டுவந்து கொடுக்க எதுவும் இல்லாதபோது இவ்வளவு தூரம் எதற்கு? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தக் கல்கத்தாப் புத்தகத்தோடு வந்துவிட்டால்? வந்தால் அந்தக் கட்டில் காலி என்றுதானே அர்த்தம். அம்மா வர வேண்டும், புத்தகம் வரக்கூடாது. இரண்டையும் சேர்த்து எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த ஞாயிறு ரோட்டுக்குப் போகவில்லை. போய் நின்று, அவள் இறங்காவிட்டால், அத்தை பார்ப்பாளே! வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்து போன சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பினாயில் வாசனை வந்தது.

"இன்னாடி, இன்னிக்கி ரோட்டுக்கு வர்ல?"

வயர்கூடையை வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புடவை எடுத்தாள், ஒரு ரொட்டிப் பொட்டலம் எடுத்தாள். கூடையைக் கவிழ்த்துத் தட்டி மூலையில் வைத்துவிட்டாள். அடியில் ஒன்றும் இல்லை.

"அந்த மொட்டைப் பொண்ணு?" என்றேன்.

"ஊருக்குப் போய்ட்டாடி. புதன்கெழம அவங்க நைனா வந்து காட்பாடில ரயிலேத்திகினு போனாரு. புக்கையும் எடுத்துகினா."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள், ஒரு குழந்தையிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அறியாதவளும் இல்லை. நான் மறுபடி கேட்கவில்லை. அம்மா போய் வருஷக்கணக்காகிறது. கடைசிவரை கேட்கவில்லை.

"படுக்கிறேன்டி, ராத்திரியெல்லாம் முழிப்பு" என்று வெறுந்தரையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். உச்சி வேளையில் நைனா சுண்ணாம்புக் காலோடு தொட்டியிலிருந்து வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. எழுப்பப் போன என்னைக் கையமர்த்தினார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பித் தொட்டிக்கே போய்விட்டார். படியில் வெள்ளையாகக் கால்தடம் இருந்தது. அவள் விழிப்பதற்குள் அதைத் துடைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.

அதற்குப் பிறகு அவள் புத்தகம் கொண்டு வரவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்தாள். வெறுங்கையோடு வந்தாள். என்னைப் பார்க்க வந்தாள்.